ஐந்து நாள் அம்மா

நேயர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். நாலு வயதுப் பையன் ஒருவனிடம் வாழைப்பழத்தை நீட்டி, "வேண்டுமா?" என்கிறீர்கள். அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டுகிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்? 'சரி, வேண்டாம் போலிருக்கிறது' என்று பழத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். உடனே அந்தப் பையன் உதட்டைப் பிதுக்கி, கட்டடமே அதிரும்படி அழ ஆரம்பித்தால்?

பல்கேரியா தேசத்தில், பிளோவ்திவ் என்ற ஊரில், ஓர் அமெரிக்கருக்கு ஏற்பட்ட சங்கடம் இது. அந்த நாட்டில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்' என்று அர்த்தம். மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. உலகமெல்லாம் ஒரு வழி என்றால் அவர்களுக்கு ஒரு தனி வழி! பாவம், அந்த மனிதர் ஐயாயிரம் மைல் பிரயாணம் செய்து வந்ததே அந்தப் பையனுக்குத் தகப்பனாராக வேண்டும் என்பதற்காக. முதல் கேள்வியிலேயே அவனை அழவைத்துவிட்டார்.

அங்கே நான் மட்டும் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. ஆமாம், இல்லை, பார்க்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்ற நாலுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிற ஊரிலிருந்து போனவன் அல்லவா நான்?

நான் போனது குழந்தை விஷயமாக அல்ல. ஐரோப்பியர்கள் வருஷந்தோறும் ஒன்றிரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து, 'கலாசாரத் தலைநகர்' என்று பட்டம் சூட்டுகிறார்கள். 2019-ஆம் வருஷம் அந்தப் பட்டம் இத்தாலியில் மத்தேராவுக்கும் பல்கேரியாவில் பிளோவ்திவுக்கும் கிடைத்தது. "போய்ப் பார்த்து எழுதிவிட்டு வாரும்" என்று ஆசிரியர் அனுப்பி வைத்தார். மாவீரன் அலெக்சாந்தரின் தகப்பனார் பிலிப் பிடித்துத் தம் பெயரை வைத்த ஊர் அது. ஏழு குன்றுகளின் ஊர் என்பார்கள். ஒரு குன்றை உடைத்துக் கல்லாக்கி வீதிகளில் பதித்துவிட்டபடியால் இப்போது மிச்சம் ஆறுதான். ரோமானியர் கட்டிய அரங்கத்தில் இன்றைக்கும் சங்கீதக் கச்சேரி நடக்கிறது. இதையெல்லாம் அப்போதே எழுதியாயிற்று. எழுதாமல் விட்டது, என் ஜாகையில் நடந்த சமாசாரம். "பெயரும் ஊரும் போடாமல் எழுதுவதானால் எழுதுங்கள்" என்று சம்பந்தப்பட்டவர்கள் பிற்பாடு சொன்னதால் இப்போது சொல்கிறேன்.

பழைய பட்டணத்துக்குக் கீழே ஒரு சந்தில், ஒரு பாட்டியம்மாள் தன் வீட்டு மாடி அறைகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பாட்டிக்கு அவர்கள் பாஷையில் 'பாபா' என்று பெயர். மீசை வைத்த பாபாக்களையே அறிந்த எனக்கு முதலில் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது. அதைவிடச் சிரமம், அக்காவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். 'காக்கா' என்கிறார்கள்! நடுத்தெருவில் ஒரு சிறு பெண் "காக்கா! காக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினால், நாம் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்க்கிறோம். அவளோ தமக்கையின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள்.

பாபாவின் வீட்டில் எனக்கு வேற்றூர் என்ற எண்ணமே உண்டாகவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால் பாபா பதறிப்போவாள். ஊடே வருகிற காற்றுப் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது வலிக்கும், காய்ச்சல் வரும் என்று அந்த ஊர்ப் பாட்டிமார் அத்தனை பேரும் நம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தயிர்! பல்கேரியத் தயிரைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற கர்வத்தைச் சொல்லி முடியாது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரை 1905-ஆம் வருஷம் கண்டுபிடித்தவர் எங்கள் ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற வைத்திய மாணவர்தான் என்று பாபா மார்தட்டிக்கொண்டாள். அந்தத் தயிரில் வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, பூண்டும் கீரையும் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, 'தாராதோர்' என்று கிண்ணத்தில் கொடுத்தாள். நம் பச்சடிக்கு ஒரு தாலுகா தள்ளிப் பிறந்த தங்கை அது. நான் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து பாபாவின் வீட்டில் நான் செல்லப்பிள்ளை.

மார்ச் 2-ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பதிகள் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணம். அவர் பள்ளிக்கூட ஆசிரியர்; அந்த அம்மாள் நூலகத்தில் உத்தியோகம். இருவருக்கும் நாற்பது வயது இருக்கும். பெட்டிகள் மூன்று. அவற்றில் ஒன்று முழுக்கப் பொம்மை. களைப்போடு களைப்பாக அந்த அம்மாளின் முகத்தில் வேறொன்றும் தெரிந்தது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களே, அதுதான்.

பாபா மூவரையும் நிற்கவைத்து, ஆளுக்கொரு கயிறு கட்டினாள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல். 'மார்த்தெனித்சா' என்று பெயர். மார்ச் முதல் தேதியன்று பல்கேரியாவில் சின்னவர், பெரியவர் எல்லாரும் ஒருவருக்கொருவர் கட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் காப்புக் கட்டுகிற மாதிரி, நோய்நொடி அண்டக்கூடாது என்பதற்காக. அதை எப்போது அவிழ்ப்பது? பூத்த மரத்தை முதன்முதலில் பார்க்கும்போது, அல்லது தெற்கேயிருந்து திரும்பி வரும் முதல் நாரையைப் பார்க்கும்போது. அவிழ்த்து மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். அந்த அம்மாள் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்த நூல் என்ன காரியம் செய்யப் போகிறது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 3. துருக்கி ஆட்சியிலிருந்து 1878-ல் விடுதலை பெற்ற தினம். தேசமெங்கும் கொடி. ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமையும் லீவு. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவர்கள், கடைசி மூன்று மைலைக் கடக்க முடியாமல் இரண்டு நாள் காத்திருந்தார்கள். நான் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அங்கே லெவா என்ற நாணயம். இரண்டு லெவாவுக்குக் கொஞ்சம் குறைந்தால் ஒரு யூரோ. 2026 ஜனவரி முதல் யூரோவே வந்துவிட்டது. காலையில் 'மெகித்சா' சாப்பிட்டோம். மாவைத் தயிர் விட்டுப் பிசைந்து, எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவித் தருகிறார்கள். பூரிக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டாற்போல இருக்கும். தண்ணீரில் ஊறிய பாலாடைக் கட்டியை மெல்லிய மாவுத் தாள்களுக்குள் மடித்துச் சுட்ட 'பானித்சா' இன்னொன்று. கடைக்காரனிடம் "இது சூடாக இருக்கிறதா?" என்று கேட்டார் ஆசிரியர். அவன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். இவர் "அப்படியானால் வேண்டாம்" என்று நகர்ந்துவிட்டார். ஆவி பறக்கிற பானித்சாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் திகைத்து நின்றான். அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கலாம். புரியவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பதற்கென்று 1993-ல் ஹேக் நகரில் தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குழந்தையை விற்கவோ வாங்கவோ கூடாது. சொந்த நாட்டில் ஒரு வீடு கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால்தான் அயல் நாடு. பல்கேரியாவும் அதில் சேர்ந்தது, 2003-ல் இந்தியாவும் சேர்ந்தது. பல்கேரியாவில் இதற்கு மேல் ஒரு விதி உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும், பெற்றோராக வருகிறவர்கள் நேரில் வந்து குழந்தையோடு குறைந்தது ஐந்து நாள் பழக வேண்டும். பழகிய பிறகு 'சம்மதம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அவர்கள் மட்டும் ஊர் திரும்ப வேண்டும். காகிதங்கள் நீதி மந்திரியிடமும் பிறகு சோபியா நகர நீதிமன்றத்துக்கும் போய்த் தீர்ப்பாகி வர மாதக்கணக்கில் ஆகும். அதற்கப்புறம்தான் இரண்டாவது பிரயாணம்.

பெரியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். கத்திரிக்காய் வாங்கினால்கூட நாம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அந்தப் பையனின் பக்கத்திலிருந்து பாருங்கள். யாரோ இரண்டு பேர் வருகிறார்கள். ஐந்து நாள் விளையாடுகிறார்கள், தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆறாவது நாள் காணோம். ஏற்கெனவே ஒரு தடவை விட்டுவிடப்பட்ட குழந்தை அது.

பிளோவ்திவின் புறப்பகுதியில் ஒரு சிறு வீட்டில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளோடு அவன் இருந்தான். முன்காலத்தில் அந்த நாட்டில் பெரிய பெரிய விடுதிகள் இருந்தன. மொகிலினோ என்ற கிராமத்து விடுதியில் ஊனமுற்ற குழந்தைகள் கிடந்த கோலத்தை 2007-ல் பிபிசி படம் பிடித்துக் காட்டியது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். பல்கேரியர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். பெரிய விடுதிகளை மூடுவதென்று 2010-ல் சர்க்கார் தீர்மானம் செய்து, சிறு வீடுகளையும் வளர்ப்புக் குடும்பங்களையும் ஏற்படுத்த ஆரம்பித்தது. அப்படிப்பட்ட சிறு வீடுகளில் ஒன்றுதான் இது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினார்கள். நம் ஊரைப் போலவே அந்த பஸ்ஸிலும் கண்டக்டர் உண்டு. கண்டக்டர் அம்மாள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பொம்மைப் பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அதட்டினாளாம். குழந்தை வீட்டுக்கு நான் போகவில்லை. போவதற்கு எனக்கு உரிமையும் கிடையாது. சாயங்காலம் பாபாவின் சமையலறையில் உட்கார்ந்து கேட்டதைத்தான் சொல்கிறேன். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி, இதுதான் அனுமதி. கூடத் துபாஷியாக ஒரு கல்லூரிப் பெண்.

முதல் நாள் பையன், தன்னை வளர்க்கிற அம்மாளின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். குழந்தைகள் அவளை 'லேலியா' என்கிறார்கள். நம் சித்தி, அத்தை மாதிரி. ஓஹையோவிலிருந்து வந்த ரயில் வண்டி, யானை, பந்து எதுவும் எடுபடவில்லை. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கை மேலே ஏறியது. பாபா கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிறு தெரிந்தது. பாவாடைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்தன. பிறகு பையன் மெதுவாக வெளியே வந்து, தன் சட்டைக் கையை ஏற்றி, தன் கயிற்றை அவளுக்குக் காட்டினான். அவ்வளவுதான். திரும்ப ஓடிப் போய்விட்டான்.

"அவ்வளவுதான்" என்று அந்த அம்மாள் சமையலறையில் இரண்டு தடவை சொன்னாள். பாபாவுக்கு இங்கிலீஷ் நாற்பது வார்த்தைதான் தெரியும். இருந்தாலும் புரிந்துகொண்டாள். அடுப்பிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து, அந்த அம்மாளின் கையிலிருந்த முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

இரண்டாவது நாள்தான் வாழைப்பழ அமர்க்களம். அது முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, கண்ணாடி முன் நின்றுகொண்டு, ராத்திரி வெகு நேரம் 'ஆமாம்' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டப் பயிற்சி செய்தார். நாற்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? வாய் 'ஆமாம்' என்றால் தலை 'இல்லை' என்றது. மறுநாள் காலை நான் சிரித்தபோது, "நீர் எப்படி இத்தனை சுலபமாக ஆட்டுகிறீர்?" என்று கேட்டார். "பரம்பரைச் சொத்து" என்றேன்.

மூன்றாவது நாள் வியாழக்கிழமை, வெயில் நன்றாக இருந்தது. மார்ச் மாதத்தை அவர்கள் 'பாபா மார்த்தா' என்று கிழவியாகப் பாவிக்கிறார்கள். கிழவி சிரித்தால் வெயில், சிடுசிடுத்தால் பனி. அன்றைக்குக் கிழவி நல்ல சுபாவத்தில் இருந்தாள் போலும். பையனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போக உத்தரவு கிடைத்தது. ஸார் சிமியோன் தோட்டம் என்று ஊர் நடுவில் பெரிய மரங்கள் அடர்ந்த பூங்கா. அங்கேதான் நான் அவனைப் பார்த்தேன். தூரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, பத்திரிகை படிக்கிறவன் போல. வைத்திருந்தது பல்கேரியப் பத்திரிகை. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒல்லியான பையன். காதுகள் கொஞ்சம் பெரிசு. லேலியா ஐம்பது வயதுக்காரி. கனத்த சரீரம், தேய்ந்த காலணி. பையன் ஒரு கையால் அவள் விரலைப் பிடித்திருந்தான். மற்றொரு கையை ஆசிரியர் பிடிக்க வந்தபோது இழுத்துக்கொண்டான். பத்தடி நடந்த பிறகு பிடிக்கவிட்டான். இன்னும் பத்தடி போனதும், இருவர் கையிலும் தொங்கி ஊஞ்சலாட ஆரம்பித்தான். லேலியா ரொட்டித் துண்டில் 'லியூதெனித்சா' தடவிக் கொடுத்தாள். சிவப்பு மிளகாயையும் தக்காளியையும் வதக்கி அரைத்த தொக்கு. பல்கேரியக் குழந்தைகளுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. பையன் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அமெரிக்க அம்மாளிடம் நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். அவள் மூக்கில் சிவப்பாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு என் பெஞ்சி வரைக்கும் கேட்டது.

லேலியா சிரிக்கவில்லை. மேல் துணியின் பொத்தானைத் திருகிக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் நான் இந்தக் கதையில் பிள்ளையில்லாத தம்பதிகளையும் தாயில்லாத பிள்ளையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது ஆசாமி ஒருத்தி இருக்கிறாள் என்பது உறைத்தது. அவன் இரண்டாம் பிராயத்தில் வந்ததிலிருந்து குளிப்பாட்டி, சோறூட்டி, ஜுரத்தில் பக்கத்திலிருந்தவள் அவள். சம்பளத்துக்குத்தான் செய்தாள், வாஸ்தவம். சம்பளத்துக்கு இதைச் செய்யச் சொல்லி நம்மில் எத்தனை பேரால் முடியும்?

நான்காவது நாள் மார்ச் 8. உலகத்துக்கு அது மாதர் தினம். பல்கேரியாவில் அன்னையர் தினமும் அதுதான். பூக்கடைகளில் கூட்டம் நெரிகிறது. கண்டக்டர் அம்மாளின் பையில் ஒரு ரோஜா, பாங்குக் குமாஸ்தா மேஜையில் ஒரு கொத்து, நானே பாபாவுக்கு ஒரு கட்டு வாங்கினேன். பள்ளிகளிலும் இந்த மாதிரி வீடுகளிலும் குழந்தைகள் முந்தின நாட்களிலேயே அம்மாவுக்கென்று காகிதத்தில் பூ ஒட்டி வாழ்த்து அட்டை செய்துவிடுகிறார்கள். அம்மா இல்லாத குழந்தைகளும் செய்கிறார்கள். அவன் ஒன்று செய்திருக்கிறான் என்று துபாஷிப் பெண் ரகசியமாகச் சொல்லிவிட்டாள். அமெரிக்க அம்மாள் அன்று காலை தலைவாரிக்கொள்ள ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

மாலை அவர்கள் திரும்பியபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். "அட்டை?" என்று கேட்டேன்.

"கொடுத்தான்" என்றாள். "லேலியாவுக்கு."

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்ற மறந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பாபா செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே விஷயத்தின் கனத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் சொன்னாள்: "அவன் நேராக என்னிடம்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பிப் போய் அவளிடம் கொடுத்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு நாள் தெரிந்தவளுக்குக் கொடுத்திருந்தால் அல்லவா நான் பயப்பட வேண்டும்? யாரை நேசிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது."

ஆசிரியர் அப்போதுதான் வாய் திறந்தார். "அந்த அம்மாளிடமிருந்து அவனைப் பிரித்துக்கொண்டு போகிறோம்" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் எனக்குச் சுலபமான பதில் தெரியாது. அயல்நாட்டுச் சுவீகாரத்தில் எத்தனையோ தில்லுமுல்லுகள் நடந்திருக்கின்றன. பொய்க் காகிதம், களவாடிய குழந்தை, தாய்க்குத் தெரியாமல் வாங்கிய கையெழுத்து என்று பல தேசங்களில் விசாரணையில் வெளிவந்தன. 2021-ல் நெதர்லாந்து ஒரு விசாரணைக்குப் பிறகு இந்த ஏற்பாட்டையே நிறுத்திவைத்தது. 2024-ல் சீன தேசம் கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் செய்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆசிரியரைப் போல, குற்றமே செய்யாத ஒருவர் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். லேலியாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பையனுக்குச் சொந்த நாட்டில் வீடு தேடிக் கிடைக்காமல்தான் இவர்கள் வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டும் உண்மை.

பாபாதான் பேச்சை மாற்றினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் தெரியுமா என்றாள். அவர்கள் சம்பிரதாயத்தில் ஈஸ்டருக்கு முந்திய நீண்ட விரதம் தொடங்குவதற்கு முதல் நாள். அன்று சின்னவர்கள் பெரியவர்களிடம் போய்க் கையை முத்தமிட்டு, "என்னை மன்னித்துவிடு" என்று கேட்க வேண்டும். "மன்னித்தாயிற்று" என்று அவர்கள் சொல்ல வேண்டும். 'புரோஷ்கா' என்று அந்த நாளுக்குப் பெயர். என்ன தப்புச் செய்தோம் என்று விவரம் சொல்ல வேண்டியதில்லை. சும்மா கேட்டால் போதும். அமெரிக்க அம்மாள் அந்த வார்த்தையை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் விடியற்காலம் அவர்களுக்கு விமானம். பையனிடம் என்ன சொல்வது? 'ஆறு மாதம்' என்றால் நாலு வயதுக்கு என்ன அர்த்தம்? இதற்கும் பாபாதான் வழி சொன்னாள். "நாரை வரும், புகைபோக்கி மேல் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், குஞ்சு பறக்கப் பழகும். எல்லா நாரையும் திரும்பிப் போன பிற்பாடு நீங்கள் வருவீர்கள் என்று சொல்லுங்கள். அவன் தினம் பார்த்துக்கொள்வான்." அது நம் செங்கால் நாரையேதான், நேயர்களே. சத்திமுத்தப் புலவர் ஊரிலிருக்கும் மனைவிக்குத் தூது விட்டாரே, அதே பறவை. பிரிந்திருப்பவர்களுக்காகச் சிரமப்படுவது அதன் தலையெழுத்துப் போலிருக்கிறது.

அன்று மாலை குழந்தை வீட்டில் நடந்ததை ஆசிரியர் சொன்னார். படங்கள் ஒட்டிய புத்தகம் ஒன்றை லேலியாவிடம் கொடுத்தார்கள்: ஓஹையோவில் வீடு, நாய், அவனுக்கென்று போட்ட கட்டில். பொம்மைப் பெட்டியையும் கொடுத்தார்கள். லேலியா பொம்மைகளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் அசைத்தாளாம். அதாவது, வேண்டாம். "இவை ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாகிவிடும். அவனுக்கென்று இருக்காது" என்று துபாஷி மூலம் சொன்னாள். பிறகு அமெரிக்க அம்மாளின் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டு, "இதைக் கொடு. தோய்க்காமல் கொடு. ராத்திரி தலையணையில் வைத்துப் பழக்குகிறேன். உன் வாசனை அவனுக்கு மறக்கக் கூடாது" என்றாள்.

தன்னை விட்டுப் போகப் போகிற பிள்ளைக்கு, தானே அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க அவள் ஒப்புக்கொண்டாள். ஆறு மாத வேலை. சம்பளப் பட்டியலில் அது எந்த இனத்தில் வருமோ தெரியாது.

அமெரிக்க அம்மாள் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு குனிந்து லேலியாவின் கையை முத்தமிட்டு, பாபாவிடம் கற்ற வார்த்தையைச் சொன்னாள். நாள் ஒன்று முந்திவிட்டது, உச்சரிப்பும் தப்புத்தானாம். லேலியா கையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, சற்று நேரம் கழித்து, "மன்னித்தாயிற்று" என்றாள். பையன் யானைப் பொம்மையின் தும்பிக்கையை ஆராய்ந்துகொண்டிருந்தான். கிளம்பும்போது கையசைத்தான். அழவில்லை. அவன் அழாததுதான் தாங்க முடியவில்லை என்றார் ஆசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வெறிச்சென்றிருந்தது. பாபா உத்தரத்திலிருந்து ஒரு நூலில் அல்வாத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயினால் கவ்வ வேண்டும். புரோஷ்கா தினத்தில் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நம் உறியடிக்குச் சித்தப்பா மகன். பாபாவின் பேரப்பிள்ளைகள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். பிழைப்புக்காக வெளிநாடு போன பல்கேரியர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆகவே அன்றைக்கு அல்வாவைக் கவ்வ அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். மூக்கெல்லாம் சர்க்கரை ஆயிற்றே தவிர, அல்வா அகப்படவில்லை. டெலிபோனில் பேரன் முகம் தெரிந்தபோது, பாபா அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

செப்டம்பர் கடைசியில் ஓஹையோவிலிருந்து கடிதம் வந்தது. தீர்ப்பு கிடைத்து, இரண்டாவது பிரயாணம் முடிந்து, மூவருமாக ஊர் சேர்ந்துவிட்டார்கள். போன அன்று பையன் வாசலில் நின்றுகொண்டு, நாரையெல்லாம் போய் எத்தனையோ நாளாயிற்றே, ஏன் தாமதம் என்று கேட்டானாம். விமானத்தில் வாழைப்பழம் கொடுத்தபோது தலையை ஆட்டினான். ஆசிரியர் தப்பில்லாமல் உரித்துக் கொடுத்தார். கழுத்துத் துணியை லேலியா தானே மடித்து அவன் பையில் வைத்திருந்தாள். ஆறு மாத அழுக்கு. அதில் இப்போது இரண்டு பேருடைய வாசனை இருப்பதால், தோய்க்கக் கூடாதென்று பையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம்.